பேனல் ரூம் பொட்டு

செப்டம்பர் 28, ஞாயிறு

காங்கேயம் போயிட்டு இப்பத்தான் வந்து உட்கார்ந்தேன். முதுகு ரெண்டாப் பிளக்குது. வரதனுக்குப் பொண்ணு பார்க்கப் போயிருந்தோம். கரிவரதன்னு முழுப்பேரு. ஹாட்சரியில எனக்குக் கீழ எலக்ட்ரீசியனா இருக்கான். முப்பத்தாறு வயசு. அக்கா தங்கச்சி கிடையாது, அம்மா போய்ச் சேர்ந்தாச்சு, அப்பனுக்குக் காது கேக்காது. "நீங்க வந்தாத்தானுங்க்கா ஒரு மரியாதையா இருக்கும்"னு ஒரு வாரமா நச்சரிச்சான். புருசனைப் பறிகொடுத்தவளைப் பொண்ணு பார்க்கற வீட்டுக்கு எதுக்குடா கூப்பிடறேன்னு கேட்டேன். "அதைப் பார்க்கிற வீட்ல நான் பொண்ணே எடுக்க மாட்டேனுங்க்கா"ன்னான். போய்த் தொலைவோம்னு கிளம்பினேன்.

பொண்ணு பேரு இந்துமதி. பேச்சுல ஒரு தெளிவு இருக்கு. ரெண்டு பேரும் தனியாப் பேசிட்டு வந்தப்ப வரதன் மூஞ்சியைப் பார்த்திருக்கணும்! இளிச்ச வாயை மூடவே இல்லை. இதுக்கு முன்னாடி போன எடமெல்லாம் படிப்பு பத்தாது, காடு தோட்டம் பத்தாதுன்னு தட்டிவிட்டுட்டாங்க. எங்க பக்கத்துப் பசங்களுக்குப் பொண்ணு கிடைக்கிறது இப்பக் குதிரைக்கொம்பு.

பொண்ணோட தாய்மாமன்தான் அங்க எல்லாம். கறாரான மனுசன். என்னைப் பார்த்து, "நீங்க அங்க என்ன வேலைங்க அம்மிணி?"ன்னாரு. முட்டை பொரிக்கிற மிஷினுக்குப் போற கரண்டு பூரா என் பொறுப்புங்கன்னு சொன்னேன். "பையன் பர்மனென்ட்டுங்களா?" தையில போட்டுத் தர்றதா மேனேஜர் சொல்லியிருக்காருங்கன்னேன். "அப்ப ஆகட்டும். வேலை நிலைச்சா கல்யாணம். இல்லைன்னா இல்லீங்க. முன்னாடியே சொல்லிட்டா மனஸ்தாபம் இல்லை பாருங்க."

எனக்குச் சுருக்குன்னுது. ஆனா அந்த ஆளு பேசினதுல தப்பும் இல்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஆயுதபூசைக்குப் பேனல் ரூம் சுத்தம் பண்ணினோம். தூசி, நூலாம்படை, எலிப்புழுக்கை. மேனேஜர் சதாசிவம் மூக்கைப் பொத்திட்டு எட்டிப் பார்த்தாரு. முதலாளியம்மாவோட தம்பி, வந்து ஆறு மாசம்தான் ஆச்சு. "அந்தப் பச்சை என்னம்மா, லைட்டா?"ன்னாரு.

லைட் இல்லைங்க, சன்னல்னேன். அது சர்ஜ் அரெஸ்டர். பக்கத்துல இடி விழுந்து லைன்ல மட்டுமீறி கரண்டு பாய்ஞ்சா, அதைப் பிடிச்சு எர்த்துக்குத் தள்ளிவிடும், மிஷினுக்கு அடி போகாது. பலமான அடியா வாங்கினா அது செத்துப்போகும். செத்துட்டா சன்னல்ல பச்சை போய் சிவப்பு தெரியும், உடனே வேற மாத்தணும். மாத்தலைன்னாலும் லைட் எரியும், ஃபேன் சுத்தும், ஒரு குறையும் தெரியாது. அடுத்த இடி விழற வரைக்கும். அதனாலதான் ஒவ்வொரு இடிக்கும் அப்புறம் போய்ப் பார்க்கணும். சிவப்பானா மணி அடிக்கிற மாதிரி ஒரு ஒயர் இழுத்துக் குடுங்கன்னு ரெண்டு வருசமாக் கேக்கறேன்.

"பார்க்கலாம்மா"ன்னு போயிட்டாரு. பார்ப்பாரு, பார்ப்பாரு.

அக்டோபர் 1, புதன்

பூசை ஜாம்ஜாம்னு நடந்தது. முதலாளியம்மா சௌந்தரம்மாள் பட்டுப்புடவையில சந்தனக் கிண்ணத்தோட வந்து, முட்டை பொரிக்கிற செட்டர் மிஷின், ஜெனரேட்டர், வேன்னு ஒண்ணு விடாம சந்தனம் குங்குமம் வெச்சாங்க. பேனல் கதவையும் திறக்கச் சொன்னாங்க. முன்பக்கத் தகட்டைத் தொட்டா ஒண்ணும் ஆகாதுதான். அரெஸ்டர் சன்னலைப் பார்த்துட்டு, "இது நெத்தி மாதிரியே இருக்கே கண்ணு"ன்னு சரியா அது மேலேயே சந்தனத்தை அப்பி, நடுவுல குங்குமம் வெச்சாங்க. நாலு சன்னலுக்கும்.

"அம்மா, அதுல வேண்டாமுங்க"ன்னு வாயெடுத்தேன். "சாமி காரியத்துல வேண்டாம்னு சொல்லக் கூடாது"ன்னாங்க. சரி, நாளைக்குத் துடைச்சுக்கலாம்னு விட்டுட்டேன். பொரி கடலை ஒரு பை குடுத்தாங்க.

அக்டோபர் 3, வெள்ளி

நேத்து ஈரத்துணியால நாலு சன்னலையும் துடைச்சேன். இன்னிக்கு வெள்ளிக்கெழமைன்னு அந்தம்மா சாம்பிராணியோட வந்துட்டாங்க. கதவைத் திறந்ததும், "யாரு பொட்டை அழிச்சது?"

நான்தானுங்க, சன்னல் கண்ணுக்குத் தெரியணும், இல்லைன்னா உள்ள செத்திருக்கா இருக்கான்னு தெரியாதுங்கன்னு சொன்னேன். நல்ல மாதிரியாத்தான் சொன்னேன். அவங்க என்ற நெத்தியைப் பார்த்தாங்க. அப்புறம் கையைப் பார்த்தாங்க.

"அதானே பார்த்தேன். பொட்டோட அருமை உனக்கு எங்க கண்ணு தெரியப் போகுது."

தட்டு கழுவற பொம்பளைங்க, மேனேஜர், வரதன் எல்லாரும் நிக்கறாங்க. அந்தம்மா நிதானமா சந்தனம் குழைச்சு, நாலு பொட்டையும் திரும்ப வெச்சுட்டு, "இனி இதுல யாரும் கை வெக்கக் கூடாது. வெள்ளிக்கு வெள்ளி நானே வந்து வெப்பேன்"னு சொல்லிட்டுப் போனாங்க.

பாத்ரூம்ல போய் அழுதேன். அவர் போய் நாலு வருசம் ஆச்சு. ஊரு, உறவு, யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை. சம்பளம் குடுக்கறவ கேட்டுட்டா.

வெளியே வந்தா வரதன் துணியோட நிக்கறான். "அவிய போயிட்டாங்க்கா. துடைச்சுடட்டுங்களா?" எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோவம் வந்துச்சோ. "அந்தப் பொட்டுல கை வெச்சே, எங்கிட்ட நீ பேசவே வேண்டாம்"னு கத்திட்டேன். துணியைத் தோள்ல போட்டுட்டுப் போயிட்டான்.

அக்டோபர் 4, சனி

சோறு எறங்கலை.

அக்டோபர் 9, வியாழன்

மதியம் நல்ல மழை. தெக்கால தென்னந்தோப்புல ஒரு இடி விழுந்துச்சு பாரு, ஆபீஸ் கண்ணாடியெல்லாம் அதிர்ந்துச்சு. லைட் ஒரு தடவை பளிச்சுனு மின்னிட்டுப் பழையபடி எரிஞ்சுது. மிஷின் ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகலை.

வரதன் ஓடி வந்தான். "அக்கா, அரெஸ்டரைப் பார்த்துடலாமுங்க. பொட்டை மெதுவா எடுத்துட்டு, பார்த்துட்டு, அதே எடத்துல நானே திரும்ப வெச்சுடறேன். அந்தம்மாவுக்குத் தெரியவே தெரியாதுங்க."

"ஏன், நீ பூசாரியா? வெச்சவங்களே பார்த்துக்கட்டும். அதான் சாமி இருக்குல்ல"ன்னேன்.

"இல்லீங்க்கா, இடி கிட்டத்துல..."

"சொன்னா ஒரு தடவையில கேளு. அது உன் வேலை இல்லை."

தலையைச் சொறிஞ்சுட்டுப் போனான். கொஞ்சம் கடுப்பாத்தான் பேசிட்டேன். தலைவலி வேற.

அக்டோபர் 10, வெள்ளி

வந்தாங்க, வெச்சாங்க, போனாங்க. பழசு மேலயே புதுசு. சந்தனம் காய்ஞ்சு அடை மாதிரி ஒட்டியிருக்கு. நான் உள்ளயே போகலை, வாசல்ல நின்னுட்டேன். எனக்கென்ன வந்துச்சு?

அக்டோபர் 15, புதன்

வரதன் மைசூர்பாகு டப்பாவோட வீட்டுக்கு வந்தான். கார்த்திகையில நிச்சயம்னு பேசிட்டாங்களாம். மேனேஜரும் பர்மனென்ட் ஆர்டர் டைப் பண்ணச் சொல்லியாச்சுன்னாராம். டீ குடுத்தேன். குடிக்காம டம்ளரை உருட்டிட்டே இருந்தான்.

"என்னடா?"

"இணைச்சீர் நீங்கதான் செய்யணுமுங்க்கா."

எங்க பக்கத்துக் கல்யாணத்துல மாப்பிள்ளையோட கூடப்பிறந்தவ செய்யற சீர் அது. அவ இல்லாம கல்யாணமே தொடங்காது. சுமங்கலியாப் பார்த்துத்தான் நிறுத்துவாங்க. பெரியப்பா மகளுங்க இருப்பாங்களே, கூப்பிட்டுக்கோன்னேன். "அவிய யாருங்க? எங்கம்மா செத்தப்ப எனக்குச் சோறு போட்டது நீங்க. பொண்ணு வீட்லயும் சொல்லிட்டேனுங்க. இந்துமதி சரின்னுடுச்சு"ன்னான்.

அவன் போனதுக்கப்புறம் மைசூர்பாகை எடுத்து வாயில வெச்சுட்டு அழுதுட்டே தின்னேன். அந்தச் சௌந்தரம்மாளைக் கல்யாணத்துக்கு முதல் வரிசையில உட்கார வெச்சுக் காட்டணும்னு நினைச்சேன்.

அக்டோபர் 18, சனி

எல்லாம் போச்சு.

சாயங்காலம் நாலு மணி சுமாருக்கு எங்க காம்பவுண்டுக்கு வெளிய இருக்கிற கம்பத்துலயே விழுந்துச்சு. டமார்னு ஒரே சத்தம். மிஷின் ரூம்ல பட்டாசு வெடிச்ச மாதிரி வரிசையா வெடிச்சுது. கரண்டு போச்சு, ஜெனரேட்டர் வந்துச்சு. ஆனா ஒரு செட்டர்கூட எழுந்திரிக்கலை. மிஷினை நடத்தற கார்டு எல்லாம் கருகிப்போச்சு. கரண்டு இருக்கு, வாங்கிக்க ஆளில்லை.

உள்ள முட்டைங்க. பொரிக்கிற நாள் நெருங்கின முட்டை தானே சூட்டைக் கக்கும். ஃபேன் நின்னா உள்ளயே வெந்துரும். கதவையெல்லாம் திறந்து போட்டு, ஆபீஸ் ஃபேனைக்கூடத் தூக்கிட்டு வந்து வெச்சோம். வரதன்தான் ஒவ்வொரு மிஷினா ஏறி, கார்டை விட்டுட்டு ஃபேனுக்கு நேரா லைன் குடுத்தான். கை ரெண்டும் கொப்புளம். "விடுடா, போதும்"னா கேக்கலை. அவன் ஓட விட்ட மிஷின்ல இருந்த முட்டை தப்பிச்சுது. மத்ததெல்லாம் போயிருச்சு.

பேனல் ரூம் பக்கம் நான் போகலை. போக எங்க நேரம்?

அக்டோபர் 19, ஞாயிறு

பின்னாடி காட்டுல ஜேசிபி வெச்சுக் குழி வெட்டிக் கொட்டினாங்க. பாதி ஓட்டைக் கொத்தி மூக்கை வெளியே நீட்டினபடியே செத்துப்போன குஞ்சுங்க. தட்டுத் தட்டா. வாடை ரோடு வரைக்கும் அடிக்குது. தட்டு கழுவற பொம்பளைங்க மூக்குல துணியைக் கட்டிட்டு அழறாங்க. நான் நின்னு பார்த்துட்டேதான் இருந்தேன். பார்க்கணும்னு தோணுச்சு.

கோயமுத்தூர்ல படிக்கிற மக தீபாவளிக்கு வந்திருக்கா. "அம்மா, உம்மேல என்ன வாடை?"ங்கறா.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. எண்ணெய் தேச்சுக் குளிச்சேன். வாடை போகலை.

அக்டோபர் 22, புதன்

அரெஸ்டர் கம்பெனியில இருந்து ஒரு இன்ஜினியர் வந்தாரு. பேனலைத் திறந்ததும் சிரிச்சுட்டாரு. "இது என்னங்க மேடம், கோயிலா?" ஸ்க்ரூ டிரைவர் நுனியால சந்தனத்தைச் சுரண்டினாரு. பொட்டு அப்படியே ஒரு வில்லையாப் பேர்ந்து கீழ விழுந்துச்சு. அடியில சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. மூணு லைனுக்கும் உள்ள மூணும் சிவப்பு, நியூட்ரலுக்கு உள்ள நாலாவது மட்டும் பச்சை.

"இது சனிக்கெழமை போனதில்லைங்க. அதுக்கு முன்னாடியே ஒரு அடி வாங்கிச் செத்திருக்கு. கொஞ்ச நாள் முன்னாடி இடி விழுந்துச்சுங்களா? அன்னிக்கே மாத்தியிருந்தா மிஷின் எல்லாம் தப்பிச்சிருக்கும்"னாரு.

வரதன் என்னைப் பார்த்தான். நான் எர்த் கம்பி முடுக்கு சரியா இருக்கான்னு பார்த்துட்டிருந்தேன்.

அக்டோபர் 23, வியாழன்

முதலாளி ரூம்ல விசாரணை. முதலாளி, மேனேஜர், நான், வரதன். ஓரத்துச் சோபாவுல சௌந்தரம்மாள். கண்ணு சிவந்திருந்துச்சு. அழுதிருக்காங்க. அழட்டும்.

முதலாளி நேரா விசயத்துக்கு வந்தாரு. "பொட்டு வெச்சதைப் பத்தி யாரும் ஒரு வார்த்தை பேச வேண்டாம். அது அவங்க நம்பிக்கை. இடி விழுந்தா அந்தச் சன்னலைப் பார்க்கிறது யாரு வேலை?"

எலக்ட்ரீசியன் வேலைங்கன்னேன். எந்த ஊர்ல கேட்டாலும் அதுதான் பதில்.

"நீ அவனுக்குச் சொல்லிக் குடுத்திருக்கியா?"

"ஒவ்வொரு இடிக்கும் அப்புறம் பார்க்கணும்னு சொல்லித்தான் குடுத்திருக்கேனுங்க."

இதுல ஒரு வார்த்தை பொய் இல்லை. அவன் வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கே சொல்லிக் குடுத்தேன். ஒன்பதாம் தேதி என்ன சொன்னேன்னு யாரும் கேக்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். அந்தம்மா என்னைக் கண் கொட்டாமப் பார்த்துட்டிருந்தாங்க.

முதலாளி வரதன் பக்கம் திரும்பினாரு. "ஏன்டா பார்க்கலை? யாராச்சும் வேண்டாம்னாங்களா?"

அவன் வாயைத் திறந்தான். என்னைப் பார்த்தான். நான் ஜன்னலுக்கு வெளிய நின்ன தீவன லாரியைப் பார்த்தேன். "இல்லீங்க. நான்தான் பார்க்காம விட்டுட்டனுங்க"ன்னுட்டான்.

இவனை யாரு ஒத்துக்கச் சொன்னா? நான் கேட்டேனா? வாயில நாக்கு இல்லை? வந்த கோவத்துக்கு அங்கயே ரெண்டு அறை விட்டிருப்பேன்.

நாளையில இருந்து அவன் வர வேண்டாமாம். வெளிய வந்தப்ப சௌந்தரம்மாள் என்ற கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. "நீயாவது பொறுப்பா இருக்கியே கண்ணு." அந்தக் கைதான், அன்னிக்கு ஒரு மாதிரியாப் பார்த்தாங்களே, அதே கை. உதறிட்டு வந்திருக்கணும். "சரிங்கம்மா"ன்னேன்.

அக்டோபர் 24, வெள்ளி

வரதன் டூல்ஸ் பையையும் சாவியையும் ஒப்படைக்க வந்தான். கையில கட்டு.

"ஏன்டா அப்படிச் சொன்னே?"ன்னு கேட்டேன்.

"பாப்பாவுக்கு இன்னும் ஒரு வருசம் படிப்பு இருக்குங்க்கா. உங்களை அனுப்பிட்டா நீங்க குடியிருக்கிற கம்பெனி குவார்ட்டர்ஸையும் காலி பண்ணச் சொல்லிருவாங்க. எனக்கென்னங்க, ஒத்தை ஆளு. எங்க போனாலும் பிழைச்சுக்குவேன்."

"ஒத்தை ஆளா? அந்தப் பொண்ணு?"

"பேசிக்கலாமுங்க்கா. நல்லவிய தானுங்க"ன்னான். சிரிக்கப் பார்த்தான், முடியலை.

பஸ் ஏத்திவிடக்கூட நான் போகலை. பேனலுக்குப் புது அரெஸ்டர் மாட்டற ஆளுங்க வந்துட்டாங்க. இன்னிக்கு வெள்ளிக்கெழமை, அந்தம்மா வரலை.

அக்டோபர் 30, வியாழன்

மணி அடிக்கிற ஒயர் இழுத்தாச்சு. நான் ரெண்டு வருசமாக் கேட்டது. மேனேஜர் எல்லாரையும் கூப்பிட்டுத் தான் கண்டுபிடிச்ச மாதிரி அடிச்சுக் காட்டினாரு.

வரதனுக்கு ஃபோன் பண்ணணும்னு தினமும் நினைக்கிறேன். என்னன்னு பேசறது?

நவம்பர் 5, புதன்

காலையில கேட்ல இருந்து கூப்பிட்டாங்க, என்னைப் பார்க்க ஆள் வந்திருக்குன்னு. இந்துமதியோட தாய்மாமன். வெயில்ல நின்னுட்டிருந்தாரு. ஆபீஸ் வராண்டாவுல உட்கார வெச்சுத் தண்ணி குடுத்தேன். மேனேஜர் ரூம் கதவு பாதி திறந்திருந்துச்சு.

"ஏனுங்க அம்மிணி, பையனை நிறுத்திட்டாங்களாமே?"

"ஆமாங்க."

"அவன் தப்புன்னு வெளிய பேசிக்கிறாங்க. அவனைக் கேட்டா, விடுங்க மாமாங்கறான். மேல ஒரு வார்த்தை வரலை. எங்க பொண்ணு என்னடான்னா, அவர் அப்படி விடற ஆள் இல்லை, வேற யாருக்காகவோ வாயை மூடிட்டிருக்காருன்னு அடம் பிடிக்குது." துண்டால கழுத்தைத் துடைச்சுட்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாரு. "நான் வேலை வேலைன்னு பேசினவன்தான். இப்பச் சொல்றேன் கேளுங்க. தப்பு அவன் மேல இல்லைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. வேலை இல்லைன்னாலும் பொண்ணு குடுக்கிறோமுங்க. வேலையை வேற எடத்துல தேடிக்கலாம். அசட்டையான ஆளுக்குத்தான் குடுக்க முடியாது."

"நல்ல பையனுங்க." முதல் வார்த்தையே அதுதான் சொன்னேன். இதை எழுதி வெச்சுக்கறேன்.

"அது தெரியுமுங்க. தப்பு யாருதுங்க?"

மேனேஜர் ரூம்ல நாற்காலி நகர்ற சத்தம் கேட்டுச்சு.

"கம்பெனியில விசாரிச்சுத்தானுங்க முடிவு பண்ணியிருக்காங்க. நான் என்னத்தைச் சொல்றதுங்க"ன்னேன்.

அந்த மனுசன் எந்திரிச்சு, செருப்பை மாட்டி, கும்பிட்டாரு. "இது போதுமுங்க அம்மிணி."

அவன் தப்பு பண்ணினான்னு நான் சொல்லவே இல்லை. யாரு வேணும்னாலும் கேட்டுக்கட்டும். அந்த வார்த்தை என் வாயில இருந்து வரவே இல்லை. அவரா எதையாவது நினைச்சுட்டுப் போனா அதுக்கு நான் பொறுப்பா? என்ற நிலைமையில இருந்து பார்த்தாத்தான் தெரியும். மக, வீடு, ஒத்தையில நான். எல்லாரும் என்னையே கேக்க வந்துடறாங்க. அந்தம்மாவைப் போய்க் கேக்கறதுக்கு ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது.

பொழுது சாய வரதன் ஃபோன் பண்ணினான். எடுக்க வேண்டாம்னுதான் நினைச்சேன். பரீட்சை லீவுல வந்திருக்கிற மக எடுத்து என் கையில குடுத்துட்டா.

"அக்கா, மாமா வந்தாருங்களா?" குரல்ல அவ்வளவு சந்தோசம். "நான்தானுங்க்கா அனுப்பிச்சேன். என்னால என் வாயால சொல்ல முடியாது, அந்த அக்காகிட்டப் போய்க் கேளுங்க, அவிய எனக்குக் கூடப்பிறந்தவ மாதிரி, அவிய என்ன சொல்றாங்களோ அதை அப்படியே எடுத்துக்குங்கன்னு சொன்னேனுங்க. என்னங்க்கா சொன்னீங்க?"

"நல்ல பையன்னு சொன்னேன்டா."

"எனக்குத் தெரியுமுங்க்கா"ன்னு சிரிச்சான். அப்புறம், சாப்பிட்டீங்களான்னு கேட்டான். சாப்பிட்டேன்னு சொன்னேன்.